நரியை மீட்கப் போன பாத்திரக்கடைக்காரன்

பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கப் போன என் மனைவி, வேறு யாரோ உடைத்த தேங்காயின் தண்ணீரில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டு வந்தாள். என்ன வேண்டுதல் என்று ஆஸ்பத்திரியில் கேட்டவர்களிடம், "குடும்பக் காரியம்" என்று சொல்லி வைத்தேன். வீடியோ கேமில் ஒரு கோயிலுக்குள் புகுந்து திருடப் போகிறாள், அது நல்லபடியாக நடக்க வேண்டும் என்பதுதான் வேண்டுதல் என்று எந்த முகத்தோடு சொல்வது?

மகன் பெங்களூருக்கு வேலைக்குப் போனபோது விட்டுவிட்டுப் போன கேம் பெட்டி அது. தூசி தட்டப் போனவள் அதன் முன்னால் உட்கார்ந்துவிட்டாள். ஒரு வருஷமாக அதில் அவள் வாளேந்திய வீராங்கனை. கூடவே ஒரு நரி. காட்டில் அடிபட்டுக் கிடந்ததைத் தேற்றி வளர்த்தாள். இப்போது மலைக்கோயில் பூசாரிகள் அந்த நரியைப் பிடித்துக் கருவூலத்தில் அடைத்துவிட்டார்கள். சாவியைத் திருடி, நரியை மீட்டு, ஆறு காவலர் கண்ணில் படாமல் வெளியே வர வேண்டும். இதில் ஒரு வம்பு என்னவென்றால், ஆட்டத்தை ஆரம்பிக்கும்போதே இவள் 'ஒரே உயிர்' என்பதைத் தேர்ந்தெடுத்திருந்தாள். செத்தால் ஒரு வருஷ உழைப்பும் அழிந்து போகும். நரியும் போகும்.

"கட்டுப் பிரிக்க ஆறு வாரந்தானே. கேம் எங்க போயிரப் போவுது?" என்றேன்.

"அதுவரைக்கும் அது பட்டினி கிடக்கணுமா?"

"ஏட்டி, டிவியை அணைச்சாச்சு. அணைச்ச டிவியில நரிக்கு எப்படிப் பசிக்கும்?"

"உங்களால முடியாதுன்னு சொல்லுங்க. நரியைக் குத்தம் சொல்லாதீங்க."

முடியாதுதான். சாலைக் கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருக்கிறேன். யாராவது மேல்தட்டிலிருந்து அண்டாவை இறக்கச் சொன்னாலே எனக்கு நெஞ்சு படபடக்கும். ஆனால் அன்றிரவு அவள் சாப்பிடும்போது, இடது கையில் ஸ்பூனை வைத்துக்கொண்டு அணைந்த டிவியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்துத்தான் ஒத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடைக்கு விடுமுறை. இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு, பாத்ரூமுக்கு மூன்று தடவை போய்வந்து, கன்ட்ரோலரைக் கையில் எடுத்தேன். கை வியர்த்து அது மீன்குஞ்சு மாதிரி நழுவியது.

"பைய போங்க. மதிலோரமா போங்க."

மலைக்கோயில் வாசல் வந்தது. உள்ளே மணி அடித்துக்கொண்டிருந்தது, தீபம் தெரிந்தது. நான் என்ன செய்தேன் என்று எனக்கே தெரியவில்லை. வீராங்கனையின் காலணிகளைக் கழற்றினேன். தலைக்கவசத்தைக் கழற்றினேன். இரும்புச் சட்டையையும் கழற்றி வாசலில் போட்டேன். நல்லவேளை, உள்ளே ஒரு பருத்திச் சட்டை இருந்தது.

"எந்தா செய்யுதீங்க!" என்று மனைவி கட்டுப்போட்ட கையாலேயே தலையில் அடித்துக்கொள்ளப் போனாள். "ஒரு அம்பு பட்டா முடிஞ்சுது! எதுக்குக் கழட்டினீங்க?"

"கோயில்லா இது..."

"திருடப் போறீங்க!"

"அதுக்காகச் செருப்போடயா போறது?"

ஆம்பிளைகள் சட்டையோடு கோயிலுக்குள் போகக்கூடாத இந்த ஊரில் பிறந்து வளர்ந்து, கோயில் வாசலைக் கண்டதும் சட்டைப் பொத்தானை அவிழ்த்துப் பழகிய கை அது. திரும்பப் போய்ப் போட்டுக்கொள்ளலாம் என்றால் பின்னால் ஒரு காவலன் வந்துகொண்டிருந்தான். வேறு வழியில்லாமல் முன்னால் நடந்தேன். அப்போதுதான் ஒன்று கவனித்தேன். சத்தமே இல்லை. இவள் அத்தனை நாளும் ஒத்திகை பார்த்தபோது டிவியிலிருந்து வந்துகொண்டிருந்த இரும்புச் சட்டையின் கடமுடா சத்தம், என் கடையில் எவர்சில்வர் குடம் உருள்கிற அதே சத்தம், அடியோடு காணோம். முதல் காவலன் முதுகுக்குப் பின்னால் மூன்றடி தூரத்தில் கடந்தேன். அவன் கொட்டாவி விட்டான்.

"பரவாயில்லையே," என்றாள் மனைவி. முப்பது வருஷத்தில் அது அபூர்வம்.

சாவி கிடைத்தது. கூண்டு திறந்தது. நரி வாலை ஆட்டிக்கொண்டு வெளியே வந்தது. அதோடு என் வீரம் தீர்ந்தது. ஆறாவது காவலன் விளக்கோடு நேரே வந்தான். ஓட வேண்டும். என் இரண்டு கட்டைவிரல்களும் மரத்துப்போய், கண்ணை இறுக மூடிக்கொண்டு, பழவங்காடியில் உட்கார்ந்திருப்பவரை உரக்கக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

"கண்ணைத் திறங்க! உங்க வெப்ராளத்துல, இந்தப் பதறல்ல, நரியைக் கொன்னுருவீங்க போலிருக்கே!"

மடியில் ஏதோ கனத்தது. அவள் என்மேல் சாய்ந்து, இடது கையால் கன்ட்ரோலரின் இடது பக்கத்தைப் பிடித்திருந்தாள். கட்டைவிரல் அசைந்தது. வீராங்கனை தூணுக்குப் பின்னால் ஒதுங்கினாள்.

"நடக்கது நான் பாத்துக்கிடுதேன். நான் சொல்லும்போது நீங்க அந்தச் சிவப்புப் பொத்தானை அமுக்குங்க. சொல்லும்போது மட்டும். கேட்டீங்களா?"

"கேட்டேன்."

"இப்போ!"

அமுக்கினேன். மதிலைத் தாண்டினோம். நரியும் தாண்டியது. வெளியே நிலா வெளிச்சத்தில் ஒரு பருத்திச் சட்டைக்காரியும் ஒரு நரியும் மலையிறங்கி ஓடினார்கள். வாசலில் கழற்றிப் போட்ட இரும்புச் சட்டை அங்கேயே கிடக்கிறது. அதை எடுக்க இன்னொரு முறை போக வேண்டுமாம். அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு என்னைச் சொல்லி வைத்திருக்கிறாள், அவளுடைய வலது கையாக.

மறுநாள் காலையில் கடை திறக்கும் முன் பழவங்காடிக்குத் தேங்காயோடு கிளம்பினேன்.

"தண்ணி கிடக்கும். தூணைப் பிடிச்சுக்கிட்டு உடைங்க," என்று வாசல்வரை வந்து சொன்னாள். "நமக்கு ஆட உள்ளது ரெண்டே கைதான்."