இந்தோனேசியாக்காரர்களும் என் அரைகுறை மலாயும்

"பாய், உனக்கு இந்தோனேசியா பாஷை தெரியுமாமே?" என்று மைன்ஸ் மேனேஜர் கேட்ட அன்று நான் லீவில் இருந்திருக்கலாம். இல்லை, எதிரே போய் நின்று, "தெரியும்ங்க சார்" என்றேன்.

எண்பதுகளின் தொடக்கம் அது. அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையின் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் நான் டைம் ஆபீஸ் கிளார்க். வேலை இன்னும் பெர்மனெண்ட் ஆகவில்லை. அதற்கு முன்பு பினாங்கில், எங்கள் லப்பைக்குடிக்காட்டுக்காரர் ஒருவரின் ஜவுளிக் கடையில் ஆறு வருடம் நின்றதில் மலாய் பழகியிருந்தது. இரண்டும் அண்ணன் தம்பி பாஷைதானே, சமாளித்துவிடலாம் என்று நினைத்தேன். "ட்ரெயினிங்குக்கு ரெண்டு பேரு வராங்க. மூணு மாசம் கூடவே இருந்து நல்லபடியா அனுப்பி வையி. உன் ஆர்டர்ல கையெழுத்துப் போடறேன்" என்றார் மேனேஜர். ஊரில் எனக்கு நிக்காஹ் பேசியிருந்தார்கள். பெண் வீட்டார் கேட்டதும் அந்த ஆர்டரைத்தான்.

1. காற்று

வந்தவர்களில் மூத்தவர் சுலாமெத், ஜாவாக்காரர். 'பாக் சுலாமெத்' என்றுதான் கூப்பிட வேண்டும். பாக் என்றால் ஐயா மாதிரி. இளையவன் வாஹ்யு, ஜகார்த்தாக்காரன். நான் படித்த பாஷையில் 'நான்' என்பதற்கு 'சாயா'. அவன் வாயைத் திறந்தால் 'குவே' என்பான். ஜீப் வந்து முக்கால் மணி நேரம் நின்ற பிறகு தலை துவட்டிக்கொண்டே வந்து, "ஜாம் காரெட்" என்று சிரிப்பான். ரப்பர் நேரமாம், இழுத்தால் நீளுமாம். டிரைவரிடம் வசவு வாங்கியது நான்.

முதல் வாரமே ஒரு நாள் வாஹ்யு டூட்டிக்கு வரவில்லை. ஏன் என்றால் "மாசுக் ஆங்கின்" என்றான். ஆங்கின் என்றால் காற்று. பினாங்கில் 'மாக்கான் ஆங்கின்' என்றால் காற்று வாங்க உலாவப் போவது. நானும் மேனேஜரிடம், "காத்து வாங்கணுமாம் சார், அதான் வரல" என்று சொல்லித் தொலைத்தேன். அவர் கொதித்துப்போய் அவர்கள் தங்கியிருந்த கெஸ்ட் ஹவுஸுக்கு வந்தால், அந்தப் பிள்ளை ஜன்னலையெல்லாம் சாத்திவிட்டு இரண்டு போர்வைக்குள் நடுங்கிக்கொண்டு கிடக்கிறான். முதுகெல்லாம் வரிவரியாகச் சிவந்திருந்தது.

"யாருய்யா இவனப் போட்டு அடிச்சது?"

யாரும் அடிக்கவில்லை. உடம்பில் காற்று புகுந்துவிட்டது, அதாவது சளி காய்ச்சல் என்பதுதான் அதற்கு அர்த்தமாம். அதற்குக் காசை எண்ணெயில் தொட்டு முதுகில் தேய்ப்பது அவர்கள் ஊர் வைத்தியமாம். அங்கே சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியுமாம். எனக்கு யார் சொன்னார்கள்?

2. சாம்பார்

பாக் சுலாமெத் அதற்கும் மேலே. எதைக் கேட்டாலும் தலையைக் குனிந்து சிரித்துக்கொண்டே "இங்கீ, பாக்" என்பார். ஜாவா மொழியில் மரியாதையாக 'ஆமாம்' சொல்வது அப்படி. சாம்பார் பிடிக்கிறதா? இங்கீ. இன்னும் ஊற்றட்டுமா? இங்கீ. மெஸ் மாஸ்டர் சந்தோஷப்பட்டு இரண்டு வேளையும் சாம்பாரே வைத்தார். மனுஷன் ஒரு மாதத்தில் இளைத்துத் துரும்பாகிவிட்டார். கடைசியில் வாஹ்யுதான் சொன்னான்: சாம்பார் வாசனையே அவருக்கு ஆகாதாம். பெரியவர்கள் முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்வது அவர் ஊர்ப் பக்கம் மரியாதை இல்லையாம். நீங்கள் பேசியது காதில் விழுந்தது என்றுதான் தலையாட்டினாராம். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. இதை மேனேஜரிடம் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால், இத்தனை நாள் நீ என்னத்தைப் புரிந்துகொண்டாய் என்று கேட்பார். வாயை மூடிக்கொண்டேன்.

3. சைரன்

மூன்றாவது மாதம், பிளாஸ்டிங் நாள், அதாவது பாறைக்கு வெடி வைக்கிற நாள். ஃபோர்மேன் ஆரோக்கியசாமி வரதராஜன்பேட்டைக்காரர், நிதானமான மனிதர். பாக் சுலாமெத் கையில் சிவப்புக் கொடியைக் கொடுத்து, "லாரி வர்ற வழியில நின்னு யாரையும் உள்ள விடக் கூடாது. ரெண்டாவது சைரன் ஊதுனா ஷெல்டருக்குள்ள போயிடணும். மூணாவதுல வெடி. சொல்லிடு பாய்" என்றார். நான் என் கடை மலாயில் சொன்னேன்.

"இங்கீ, பாக்."

"புரிஞ்சுதாமா?" என்றார் மேனேஜர்.

"புரிஞ்சுதாம் சார்."

முதல் சைரன் ஊதியது. நாங்கள் ஷெல்டருக்குள் போனோம். சாம்பார் தட்டுக்கு முன்னால் சிரித்த அதே சிரிப்பைத்தான் அவர் கொடியை வாங்கும்போதும் சிரித்தார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. நிறுத்தச் சொன்னால் ஆர்டர் போச்சு, நிக்காஹ் போச்சு. ஒருவேளை புரிந்திருக்கும் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டு நின்றேன். இரண்டாவது சைரனும் ஊதியது. ஷெல்டர் பக்கம் அவர் வரவில்லை.

"சார், நிறுத்துங்க. அவருக்குப் புரியல. எனக்கும் அவங்க பாஷை சரியாத் தெரியாதுங்க சார்."

மேனேஜர் என்னைப் பார்த்த பார்வையை இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. ஆரோக்கியசாமி வெடியை நிறுத்தச் சொல்லிவிட்டு ஓடினார். நானும் பின்னாலேயே ஓடினேன். பாக் சுலாமெத் வெடிமருந்து அடைத்த குழிகளுக்குப் பக்கத்தில், மேட்டுக்குக் கீழே, நாங்கள் இருந்த இடத்திலிருந்து தெரியாதபடி ஒரு கல்லின் மேல் உட்கார்ந்திருந்தார். கொடியை மடியில் பிடித்திருந்தார். எங்களைக் கண்டதும் எழுந்து, தலை குனிந்து, "இங்கீ" என்றார்.

ஆரோக்கியசாமி அவர் கையைப் பிடித்து வழி முனைக்கு அழைத்துப்போய் நிறுத்தினார். வாயாலேயே சைரன் ஊதிக் காட்டி, ஷெல்டருக்கு நடத்திக் கூட்டிவந்தார். பிறகு தனியாக ஒரு தடவை செய்யச் சொன்னார். பாக் சுலாமெத் அச்சுப் பிசகாமல் செய்தார். அவ்வளவுதான் வேலை. ஒரு வார்த்தை மொழிபெயர்ப்பும் தேவைப்படவில்லை. அப்புறம்தான் வெடித்தார்கள்.

சாயங்காலம் மேனேஜர் கூப்பிட்டார். "தெரியாதுன்னு மொத நாளே சொல்றதுக்கு உனக்கு என்னய்யா கேடு?"

"நீங்க பெரியவங்க, கேட்டீங்க... இல்லைன்னு எப்படிங்க சார் சொல்றது?"

சொல்லி முடித்தபின்தான் நான் என்ன சொன்னேன் என்பது எனக்கே கேட்டது. இதே குணத்துக்காகத்தான் பாக் சுலாமெத்தை இத்தனை நாள் மனசுக்குள் திட்டித் தீர்த்திருக்கிறேன்.

ஆர்டர் ஒரு வருடம் தள்ளிப்போனது. பெண் வீட்டார் காத்திருந்தது அவர்கள் பெருந்தன்மை. அன்று என்னை அனுப்பும்போது, "இனிமே தெரியாததத் தெரியும்னு சொல்லாத. புரிஞ்சுதா?" என்றார் மேனேஜர்.

"புரிஞ்சுதுங்க சார்" என்றேன்.

வாசலில் நின்ற ஆரோக்கியசாமி அண்ணன் என்னை விடவில்லை. "என்ன புரிஞ்சுது? சொல்லு பாப்போம்" என்றார்.