உதறாத போர்வை

மண்ணூர் விடுதியில் ஒரு கட்டிலுக்கு இரண்டு பெண்கள். மாடத்தி காலை ஷிப்டுக்குக் கிளம்பியதும், இரவு ஷிப்ட் முடித்து வரும் கவியா அதில் படுப்பாள். இருவரும் திருநெல்வேலிப் பக்கம். ஒரே செல்போன் சார்ஜர் கம்பெனியில் வேலை. மாடத்திக்கு முழங்கையிலும் முழங்காலிலும் சோரியாசிஸ். தோல் சிவந்து தடித்து, வெள்ளைச் செதில் உதிரும். அதனால் தினமும் கிளம்புமுன் மொட்டை மாடியில் போர்வையை உதறிவிடுவாள். எட்டு மாதம் ஒருத்திக்கும் தெரியாது. கட்டில் போனால் வேலை போகும். வேலை போனால் ஊரில் குடிகார மாமனுக்குக் கழுத்தை நீட்ட வேண்டும்.

ஒரு நாள் கம்பெனி பஸ் சீக்கிரமே வந்து தொலைத்தது. உதறவில்லை.

மதியம் திரும்பியவளை வார்டன் லீலா கொண்டையைப் பிடித்து இழுத்தாள். "இன்னாடி இது, பெட்டு பூரா தோலு கீது? எல்லாருக்கும் ஒட்ட வைக்க வந்தியா?"

"ஒட்டாதுக்கா! டாக்டர் சீட்டு பையில கெடக்கு, பாருங்க!"

சீட்டை யார் பார்த்தார்கள்? நான்கு பேர் அவளைக் குளியலறையில் குப்புறத் தள்ளினார்கள். கவியா அவள் கால்களை மிதித்துப் பிடித்துக்கொண்டாள். எல்லாம் பிளஸ் டூவில் உயிரியல் படித்த மகராசிகள்தாம்! லீலா பினாயிலை ஊற்றி, சட்டி தேய்க்கும் கம்பி நாரால் முழங்கையில் தொடங்கி முதுகுவரை தேய்த்தாள். "தேச்சா பூடும்டி." தரையில் ரத்தம் ஓடியது. மாடத்தி திமிறித் திரும்பி லீலாவின் கையைக் கடித்தாள். பல் சதைக்குள் இறங்கியது. வாளியை வீசினாள்; கவியாவின் உதடு கிழிந்தது. "கொன்னுருவேன் ஒங்கள!" அந்த அலறலில்தான் விலகினார்கள்.

மாதம் முடிவதற்குள் காலி செய். அதுவரை தரையில் படு. லீலாவின் தீர்ப்பு அது.

இரண்டு வாரத்தில் மாடத்தியின் முதுகில், கம்பி நார் போன தடமெங்கும் கோடுகோடாய்ச் செதில் கிளம்பியது. சாப்பாட்டு நேரத்தில் எல்லார் முன்னாலும் முதுகைத் திருப்பிக் காட்டினாள்.

"முதுகுல எனக்கு இது இருந்ததில்ல. காயம் பட்ட எடத்துல புதுசா வரும்னு டாக்டர் சொன்னாவ. ஏட்டி கவியா, எட்டு மாசம் என் போர்வையில படுத்தியே, ஒனக்கு ஒரு பொட்டு வந்துச்சா? ஒங்ககிட்டருந்துதான்டி எனக்கு வந்துருக்கு. என்னைய வெளிய அனுப்புங்க, இந்த முதுகோட நேரா போலீஸ் ஸ்டேஷனுக்குத்தான் போவேன்."

லீலா கட்டுப்போட்ட கையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கவியா உதட்டுத் தையல் தழும்பைத் தடவினாள்.

அன்றிரவு மாடத்தி தரையை விட்டுக் கட்டிலில் ஏறிப் படுத்தாள்; யாரும் தடுக்கவில்லை. மறுநாள் காலை பஸ் வர நேரம் இருந்தது. போர்வையை அவள் உதறவில்லை.