அய்யாவுக்குக் காட்ட ஓர் ஆமை ஓடு

முதுகில் மூன்று வரப்புகள் ஓடும் அரிய பெட்டி ஆமை ஒன்றைப் பற்றித்தான் என் ஆராய்ச்சி. எங்கள் வீட்டில் நான்தான் முதலில் படித்தவன். என்ன படிக்கிறேன் என்று அங்கே யாருக்கும் தெரியாது. விடுமுறைக்குக் கமுதிப் பக்கம் ஊருக்குப் போனபோது, அய்யாவுக்கு, அதாவது என் அப்பாவுக்கு, காட்ட அதன் ஓட்டின் பிளாஸ்டர் மாதிரியைக் கொண்டுபோனேன்.

வாசலிலேயே மறித்தார். "ஏலே, ஆம புகுந்த வீடு வெளங்குமா? அங்கனயே வையி."

"உசுரில்லாததுய்யா. மாவுல வார்த்தது."

"மாவா இருந்தாலும் ஆமதானலே? பெரிய படிப்பு படிச்சு இதத்தான் கொண்டாந்தியாக்கும்!"

அவர் பருத்திக் காட்டுக்குப் போய்விட்டார். கொட்டகையில் மிளகாய் மூட்டைமேல் அதை வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் எதிரே இருப்பதுபோல் சொன்னேன்.

"இதத் தனி வகையறான்னு ஒதுக்கி வச்சிருந்தாகய்யா. ரத்தத்தச் சோதிச்சா, மத்த பெட்டி ஆமைகளுக்குப் பங்காளி." அவருக்குப் புரியும்படி பஸ்ஸில் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்திருந்தேன். மறுநாள் பஸ் ஏறும்வரை அவர் அதைப் பற்றிக் கேட்கவில்லை.