குளித்துவிட்டு மலையேறும் வண்டிகள்

சடகோபனுக்குப் பெயர் பெருமாள் பெயர், வேண்டுதல் மட்டும் முருகனுக்கு. திருத்தணியில் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. மலைக்கு வண்டிகள் ஏறுகிற பாதை தொடங்கும் இடத்தில் ஒரு புளியமரம் இருந்தது. எழுபதுகள் முழுக்க அந்த மரத்தடியில்தான் அவர் கார் கழுவினார். கார் என்றால் அம்பாசடர், இல்லையென்றால் பியட். புதுக் கார் வாங்கினவர்கள் சென்னையிலிருந்தும் சித்தூரிலிருந்தும் பூஜை போட வருவார்கள். சாமி பார்க்கப் போகிற ஆள் அன்று காலையில் தலைக்குக் குளித்திருக்க வேண்டும் இல்லையா, வண்டிக்கும் அவர்கள் அதே சட்டம்தான் வைத்திருந்தார்கள். நேற்றுக் கழுவியது கணக்கில் சேராது.

தண்ணீருக்கு ரோட்டைத் தாண்டி தெருக்குழாய்க்குப் போக வேண்டும். இரண்டு கையிலும் பக்கெட், நாள் பூராவும் அதே நடை. சேறு போக சீயக்காய், தார் போக மண்ணெண்ணெய், பம்பருக்குச் சாம்பல். கடைசியில் மெழுகு பாலீஷைத் தடவி, பழைய பனியன் துணியால் அவர் தேய்த்துக் கொடுத்தால் கதவில் முகம் பார்த்துப் பொட்டு வைத்துக்கொள்ளலாம். அந்தப் பளபளப்புக்கு அவருடைய இடுப்பும் முழங்காலும்தான் விலை. ஐம்பதைத் தாண்டியதும் கார் சக்கரத்தருகே குந்தினால் எழுந்திருக்க அந்தச் சக்கரத்தையே பிடிக்க வேண்டியிருந்தது. அலுத்துப்போயிற்று. வருகிற வண்டியை நம்பி மரத்தடியில் நிற்பது இனி முடியாது என்று முடிவு செய்தார்.

வேறு வழி இரண்டு இருந்தது. பெட்ரோல் பங்க் வைத்திருந்த பங்காரு நாயுடு, தன் பங்க்குக்குப் பின்னால் சிமெண்ட் தரையும் மோட்டார் போட்ட கிணறும் சும்மா கிடப்பதாகவும், அங்கேயே வந்துவிட்டால் பாதிக்குப் பாதி என்றும் சொன்னார். பக்கெட் தூக்க வேண்டாம், குழாயைப் பிடித்து நின்றால் போதும். ஒரே ஒரு நிபந்தனை, ஆடிக் கிருத்திகையன்று லீவு கிடையாது. வியாபாரமே அன்றைக்குத்தானே. சடகோபனின் மனைவி ரத்தினம்மாள் வேறு யோசனை சொன்னாள். ஊரில் கார் வைத்திருக்கும் டாக்டர், வக்கீல், ரைஸ்மில் முதலாளி மாதிரி ஆறு வீட்டைப் பிடித்து, வீட்டுக்கே போய்க் கழுவி, மாதச் சம்பளமாக வாங்கலாம். காலை வெயில் ஏறுவதற்குள் வீடு திரும்பிவிடலாம்.

பங்க்தான் உடம்புக்கு நல்லது. ஆனால் சடகோபனுக்கு ஆடிக் கிருத்திகை வேண்டும். மகள் மனோரமா கைக்குழந்தையாக இருந்தபோது ஜன்னி கண்டு கிடந்தாள். உயிர் இருக்கும்வரை வருஷா வருஷம் படியேறிப் புஷ்பக் காவடி எடுக்கிறேன் என்று அப்போது வேண்டிக்கொண்டார். பிள்ளை பிழைத்து, வளர்ந்து, பள்ளிப்பட்டில் வாக்கப்பட்டும் போய்விட்டாள். காவடி ஒரு வருஷமும் நின்றதில்லை. மரத்தடியில் இருந்தவரை அன்றைக்கு அவரைக் கேட்பாரில்லை. முதலாளி இருந்தால் கேட்பான். வீட்டுக்காரர்களிடம் ஒரு நாள் லீவு சொல்லிக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டு, வீட்டு வேலையையே எடுத்தார்.

ஆடி வந்தது. கிருத்திகைக்கு முந்தின வாரம் ஆறு வீட்டிலிருந்தும் ஆள் வந்தது. எல்லா வீட்டிலும் ஒரே பேச்சு: சென்னையிலிருந்து சொந்தக்காரர்கள் வருகிறார்கள், கிருத்திகையன்று காலையில் கார் மலைக்குப் போகிறது, கழுவித் தர வேண்டும். மலையடிவாரத்திலேயே ஆயுசைக் கழித்த மனுஷருக்கு, மலைக்கு உள்ளூர்க்காரனும் போவான் என்பது மறந்துபோயிற்று. முந்தின சாயங்காலமே கழுவி விடட்டுமா என்று டாக்டர் வீட்டில் கேட்டுப் பார்த்தார். டாக்டரம்மா சிரித்தார். கேட்டது தப்பு என்று சடகோபனுக்கே தெரிந்தது.

கிருத்திகையன்று விடியுமுன் தொடங்கி ஆறாவது வண்டியை அனுப்பியபோது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. விரதத்தில் பச்சைத் தண்ணீர்கூட இறங்கவில்லை. குளித்துவிட்டுக் காவடியைத் தோளில் வைத்தார். ரத்தினம்மாளும் கூடவே ஏறினாள். கூட்டம் அரோகரா சொல்லிக்கொண்டு தள்ளியது. பாதி வழிகூட ஏறவில்லை, முழங்கால் மடங்கிவிட்டது. படியோரத்தில் உட்கார்ந்தவர், "என்னால ஆவலை, ரத்தினம்" என்றார். இத்தனை வருஷத்தில் அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததில்லை. ரத்தினம்மாள் காவடியை எடுத்துத் தன் தோளில் வைத்துக்கொண்டு ஏறினாள். அவர் அங்கேயே இருந்து, தான் கழுவிய பியட் எதிரே வண்டிப் பாதையில் மின்னிக்கொண்டு ஏறுவதைப் பார்த்தார். அழுகை வந்தது, அழவும் தெம்பில்லை.

மறுநாள் பங்காரு நாயுடுவிடம் போனார்.

"கிருத்திகை அன்னிக்கும் வந்துடறேங்க."

நாயுடு ஏன் என்று கேட்கவில்லை. சிமெண்ட் தரையைப் பெருக்கச் சொன்னார்.

அடுத்த ஆடிக் கிருத்திகைக்கு பங்க்குக்குப் பின்னால் வண்டிகள் வரிசை கட்டி நின்றன. சடகோபன் குழாயைப் பிடித்தபடி நின்றார். இடுப்பு முன்னளவுக்கு வலிக்கவில்லை, அதுவே ஒரு மாதிரி குற்றமாகப் பட்டது. மத்தியானம் ரத்தினம்மாள் காவடி செலுத்திவிட்டு நேராக அங்கே வந்தாள். கையெல்லாம் நுரை, விபூதியை வாங்க முடியவில்லை. தலையைக் குனிந்தார், அவளே நெற்றியில் பூசிவிட்டாள்.

"கீழே உன்னைப் பாக்க வர்ற வண்டிங்களை எல்லாம் அவருதான் குளிப்பாட்டிகினு இருக்காருன்னு சாமிகிட்ட சொல்லிட்டு வந்தேன்" என்றாள்.

"இன்னா சொன்னாரு?"

"எங்க கேக்கறது. நிக்க வுடாம தள்ளிட்டானுங்க."

சடகோபன் தலையாட்டினார். பின்னால் ஒரு அம்பாசடர்காரர், சாமி பார்க்க நேரமாகிறது என்று ஹாரன் அடித்தார்.