ராமையா தாத்தா வென்ற ஆட்டம்

நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். ராமையா தாத்தாவைப் பற்றி அஞ்சலிக் கூட்டத்தில் பேசியவர்கள் அப்படிப் பேசவில்லை. அவரை அறிந்த நீங்கள் இதையும் வாசிக்க வேண்டும்.

செய்தி வந்தபோது நான் பாடசாலை முடிந்து இரத்தோட்டை பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். முன் சீட்டில் இருந்த அக்கா திரும்பி, "ஒங்க பக்கத்து லயத்து வீட்டு வாலிபால் தாத்தா போயிட்டாராம். இனி நிம்மதி" என்றார். யாருக்கு நிம்மதியோ.

தாத்தாவுக்கு மறதி நோய். மகள் சரசு அத்தையையே சில நாள், "நீங்க யாரு வீட்டுப் பிள்ள?" என்பார். பழைய விளையாட்டைப் பற்றிப் பேச வையுங்கள் என்று கிளினிக்கில் ஒரு தாதி சொன்னார். அதனால் சனிக்கிழமைகளில் அத்தை அவரைத் தேயிலைத் தோட்டத்து வாசிகசாலைக்கு அழைத்து வருவார். நானும் அங்கே புத்தகத்தோடு இருப்பேன். டவுனில் கடை வைத்திருக்கும் ஹனிபா நாநா ஒரு பழைய பந்தோடு வருவார். இளம் வயதில் இருவரும் எதிரெதிர் அணியில் ஆடியவர்கள்; தாத்தா தோட்டத்து அணி. பந்து கைக்கு வந்ததும் தாத்தாவின் முதுகு நிமிரும். அவர்கள் ஆடிய ஒரு பொங்கல் போட்டி பேச்சில் மறுபடி தொடங்கிவிடும்.

"கடைசிப் பந்து. நான் எழும்பி அடிச்சேன், நாநா மரம் மாதிரி நின்னாரு!"

"ஓ, ராமையா. அண்டைக்கு நீங்கதான் வென்ட. எனக்குச் சோறு எறங்கல்ல."

"பொய் சொல்லாதீங்க. அன்னைக்கே புரியாணி தின்னீங்க."

அத்தை வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்.

உண்மையில் வென்றது நாநாவின் அணி. தாத்தா அடித்த பந்து வலையில் பட்டு விழுந்தது. நாநாவே என்னிடம் சொன்னார். "அந்தக் கப் இத்தின வருஷம் என்னோட கிடந்திச்சி. இனி அவரோட கிடக்கட்டுமே மகள்." அதனால் அந்த அறையில் யாரும் தாத்தாவைத் திருத்துவதில்லை.

ஒரு சனிக்கிழமை வாசிகசாலைச் செயலாளர் வந்து கதையைக் கேட்டார். அலமாரிக்கு மேலே தூசி படிந்து கிடந்த அந்தப் போட்டியின் படத்தை எடுத்துத் துடைத்து, தாத்தாவின் மடியில் வைத்தார்.

"பெருசு, கப்பு யாரு கையில இருக்கு? நல்லாப் பாருங்க."

தாத்தா வெகுநேரம் பார்த்தார். "நான் நெட்டுல அடிச்சுட்டேனா?"

"பின்ன? தோட்டத்தையே தோக்க வச்சீங்க!" செயலாளர் சிரித்தார். அவர் கெட்டவர் இல்லை என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள்.

மற்ற எல்லாவற்றையும் மறந்த தாத்தா அதை மட்டும் மறக்கவில்லை. அத்தை சோறு ஊட்டினால், "தோட்டத்தையே தோக்க வச்சவனுக்கு எதுக்குச் சோறு?" என்பார். பந்தை நீட்டினால் கைகளைப் பின்னால் மறைத்துக்கொள்வார். நாநா மழையிலும் வந்து, "நீங்கதான் வென்ட" என்று சத்தியம் செய்தார். "படத்துல இருக்கே" என்றார் தாத்தா. அந்தத் தோல்வியோடுதான் அவர் போனார்.

அஞ்சலிக் கூட்டத்தில் செயலாளர்தான் நீளமாகப் பேசினார். பேனரில் 'வெற்றி வீரர்' என்று அச்சடித்திருந்தார்கள். அதே படத்திலிருந்து தாத்தாவின் முகத்தை மட்டும் வெட்டிப் பெரிதாக்கியிருந்தார்கள். அத்தை அதை நிமிர்ந்து பார்க்கவேயில்லை.

நான் வைத்துக்கொள்வது அந்த முகத்தை அல்ல. நாநா வாசலில் தெரிந்ததுமே, பந்துக்காக விரிந்து காத்திருக்குமே, தாத்தாவின் அந்த விரல்களை.

கூட்டம் கலைந்த பிறகு, காலி நாற்காலிகளுக்கு நடுவே நின்று ஹனிபா நாநா அத்தையிடம் கடைசிப் பந்தைச் சொல்லத் தொடங்கினார். "ராமையா எழும்பினாரு மகள்..." அவர் சொல்லில் பந்து இன்னும் வலையைத் தாண்டவில்லை. அதற்குள் நேரமாகிவிட்டது என்று செயலாளர் விளக்குகளை அணைத்துவிட்டார்.