வாப்பா மரத்துக்கு ஊற்றிய உப்புத் தண்ணீர்

எங்கள் தெருவை இப்போது யார் வந்து பார்த்தாலும் மூக்கின் மேல் விரலை வைக்கிறார்கள். காரைக்காலில் வெயில் மண்டையைப் பிளக்கும் சித்திரை மாதத்தில்கூட எங்கள் தெருவில் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நிழலிலேயே நடக்கலாம். தரையில் ஒரு காகிதம் கிடக்காது. இதை எப்படிச் சாதித்தீர்கள் என்று யாராவது கேட்டால் போதும், என் மாமா தொண்டையைச் செருமிக்கொண்டு, "எல்லாம் பொதுமக்களோட ஒத்துழைப்புங்க" என்பார். அடேயப்பா, என்ன ஒத்துழைப்பு! அது ஒத்துழைப்பும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. பயம். ஒன்பது பத்து வயதுப் பிள்ளைகளை நடுங்க வைத்து வளர்த்த மரங்கள் இவை. நடுங்கியவர்களில் நானும் ஒருத்தி என்பதால் சொல்கிறேன்.

அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. தெருமுனையில் ஒரு காலி மனை இருந்தது. குப்பை வண்டி தினமும் காலையில் மணியடித்துக்கொண்டு வரத்தான் செய்தது. ஆனால் அது வரும்வரை பையை வீட்டில் வைத்திருக்க யாருக்குப் பொறுமை? மீன் செதில், இறால் தோல், குழந்தைகளின் டயப்பர் எல்லாம் பாலிதீன் பையில் முடிச்சுப் போட்டு அந்த மனைக்குப் பறக்கும். ஆடுகள் கிழிக்கும். காக்கைகள் மிச்சத்தைத் தூக்கிவந்து காயப்போட்ட துணிமேல் போடும். எங்கள் வீட்டுப் பையும் அங்கேதான் போயிற்று. மறைப்பானேன், பள்ளிக்கூடம் போகிற வழியில் எறிந்தது நான்தான்.

மாமா என்றால் உம்மாவின் தம்பி. படிப்பை முடித்துவிட்டு விசாவுக்குக் காத்திருந்த காலம் அது. சும்மா இருக்க முடியாத ஆள். கூட்டாளிகள் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு ஒரே வாரத்தில் மனையைச் சுத்தம் செய்தார். மழை தொடங்கியதும் தெரு நெடுக மரக்கன்று நட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு கூண்டும் போட்டார். தெருவே சிரித்தது. அதற்கு முன்பும் இரண்டு தடவை எங்கள் தெருவில் கன்று நட்டிருக்கிறார்கள். நட்டவர்கள் படம் எடுத்துக்கொண்டு போனார்கள், ஆடுகள் சாப்பிட்டுவிட்டுப் போயின.

இந்தத் தடவை மாமா ஒரு வேலை செய்தார். எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒரு ஆண் வெளிநாட்டில் இருந்தார். யார் வீட்டு வாசலில் கன்று நிற்கிறதோ, அந்த வீட்டுக்காரரின் பெயரை ஒரு தகரத்தில் எழுதிக் கூண்டில் கட்டிவிட்டார். ஊரில் இல்லாத ஆண்களெல்லாம் ஒரே நாளில் தெருவுக்குத் திரும்பி வந்து வரிசையாக நின்றுவிட்டார்கள். எங்கள் வாசலில் நின்ற மகிழங்கன்று என் வாப்பா. வாப்பா துபாயில் ஒரு கிடங்கில் வேலை பார்த்தார்.

அவ்வளவுதான், தெருவில் குப்பை விழுவது நின்றுபோயிற்று. பின்னே, அடுத்த வீட்டு மாப்பிள்ளையின் காலடியில் இறால் தோலைக் கொட்ட யாருக்குத் துணிச்சல் வரும்? ஒரே ஒரு முறை எதிர்வீட்டு மாமி மறதியில் ஒரு கன்றின் அடியில் மீன் கழுவிய தண்ணீரைக் கொட்டிவிட்டார். உடனே பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. "எங்க வூட்டுக்காரங்க தலையிலயா கொட்டுறீங்க?" என்று கேட்ட குரல் கடற்கரைவரை கேட்டிருக்கும். அன்றிலிருந்து எல்லோரும் பையைக் கையில் பிடித்துக்கொண்டு வண்டிக்காகக் காத்து நிற்க ஆரம்பித்தார்கள்.

பெரியவர்களுக்குத் தகரம் போதுமாயிருந்தது. தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டுமே! அதற்குத்தான் மாமா எங்களைப் பிடித்தார். ஒவ்வொரு பிள்ளையாகத் தனியாகக் கூப்பிட்டுக் காதோடு சொன்னார். என்னிடம் சொன்னது இன்றைக்கும் அப்படியே நினைவிருக்கிறது.

"இது வெறும் கன்னுன்னு நெனைக்காத புள்ள. இது ஒன் வாப்பா. இங்க இது வாடுனா அங்க அவங்க வாடுவாங்க. இது பட்டுப்போச்சுன்னா..."

அதோடு நிறுத்திக்கொண்டு வானத்தைப் பார்த்தார். பாவி மனுஷன், அந்த இடத்தில் நிறுத்தினாரே, அதில்தான் இருந்தது அவர் சாமர்த்தியம் எல்லாம். பெரியவர்கள் யாரிடமும் இதைச் சொல்லக்கூடாது, சொன்னால் பலிக்காது என்றும் ஒரு பூட்டுப் போட்டார். நான் சொல்லவில்லை. யாருமே சொல்லவில்லை. விடிந்ததும் தெருவில் ஏழெட்டுப் பிள்ளைகள் ஆளுக்கொரு வாளியோடு தங்கள் வாப்பாவுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்போம்.

ஒரே ஒரு நிபந்தனை. குழாய்த் தண்ணீர் ஊற்றலாம், அரிசி கழுவிய தண்ணீர் ஊற்றலாம், போர்த் தண்ணீர் மட்டும் கூடாது. கடல் கூப்பிடு தூரத்தில் இருக்கிற ஊர். எங்கள் வீட்டுப் போர்த் தண்ணீரில் சோப்பு நுரைக்காது. வாளியில் வெள்ளை வெள்ளையாக உப்புப் படியும். அதைத் தினமும் ஊற்றினால் கன்று கருகிவிடும் என்று மாமா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

மழைக்காலமும் பனிக்காலமும் சிக்கலில்லாமல் போயின. வெயில் வந்ததும் குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர் வந்தது, அதுவும் விடியற்காலையில் ஒரு மணி நேரம். வந்ததை ஐந்து குடத்தில் பிடித்து வைத்து, உம்மா அதற்குக் காவல் இருந்தாள். "குடிக்கவே காணல, மரத்துக்கு வேறயா? அரிசி கழுவுன தண்ணிய ஊத்து போ" என்று விரட்டினாள். அரிசி கழுவும்வரை யார் காத்திருப்பது? கோடை விடுமுறை. தொலைக்காட்சியில் கார்ட்டூன் ஓடிக்கொண்டிருந்தது. கொல்லையில் போர்க் குழாயைத் திறந்தால் நொடியில் வாளி நிறைந்துவிடும். ஒருநாள் ஊற்றினால் ஒன்றும் ஆகாது என்று ஊற்றினேன். ஒன்றும் ஆகவில்லை. மறுநாளும் ஊற்றினேன். இப்படியே பத்துப் பன்னிரண்டு நாள்.

ஒரு வியாழக்கிழமை காலையில்தான் கவனித்தேன். மகிழங்கன்றின் இலைகளெல்லாம் ஓரத்தில் தீய்ந்திருந்தன. தொட்டதும் இரண்டு இலை கையோடு வந்தன. மண்ணின் மேல் வெள்ளையாக ஒரு படலம். பக்கத்து வீட்டுக் கன்று தளதளவென்று நின்றது, அதற்குப் பக்கத்தில் என் வாப்பா கருகிக்கொண்டிருந்தார். உதிர்ந்த இலைகளைப் பொறுக்கி யாருக்கும் தெரியாமல் பாவாடைக்குள் மறைத்துக்கொண்டு உள்ளே ஓடினேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. ஜும்ஆ தொழுகை முடிந்து சாப்பிட்டதும் வாப்பா வீடியோ காலில் வருவார். ஒரு வெள்ளிகூடத் தவறியதில்லை. அன்றைக்கு வரவில்லை. மூன்று மணி ஆயிற்று, நான்கு ஆயிற்று. அதன் பிறகு வேறு யாரோ உம்மாவைக் கூப்பிட்டார்கள். போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனவள் வெகுநேரம் கழித்துத்தான் இறங்கினாள். முகம் கழுவியிருந்தாள். வாப்பா எங்கே என்று கேட்டதற்கு, "அங்க சிக்னல் இல்லையாம்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். சாயங்காலம் மாமா வந்தார். இரண்டு பேரும் குசுகுசுவென்று பேசினார்கள். நான் நிலைப்படியில் போய் நின்றதும் பேச்சு நின்றது.

எனக்கு விளங்கிவிட்டது. என் கைகால் எல்லாம் சில்லிட்டுப் போயிற்று. சிக்னலும் இல்லை, கிக்னலும் இல்லை. நான்தான் ஊற்றினேன். பத்துப் பன்னிரண்டு நாளாக, கார்ட்டூன் பார்க்கிற அவசரத்தில், வாளி வாளியாக உப்புத் தண்ணீரை வாப்பாவின் காலில் ஊற்றியிருக்கிறேன். மாமாவிடம் சொல்லலாமென்று பார்த்தால் அவர் முகத்திலும் எப்போதுமுள்ள சிரிப்பு இல்லை. அன்று சோறு இறங்கவில்லை. காய்ச்சலா என்று உம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். அவள் கைதான் சுட்டது.

சனிக்கிழமை எனக்கு ஒரு வழி தோன்றியது. உம்மாவின் அலமாரியில், புடவைகளுக்குப் பின்னால், ஜம்ஜம் தண்ணீர் போத்தல் ஒன்று இருந்தது. உறவுக்காரர் ஒருவர் ஹஜ்ஜுக்குப் போய் வந்தபோது மக்காவிலிருந்து கொண்டுவந்து கொடுத்தது. காய்ச்சல் கண்டால், பரீட்சை வந்தால், பிஸ்மில்லா சொல்லி ஒரு மூடி கொடுப்பாள். அவ்வளவு கஞ்சத்தனமாகச் செலவழித்து முக்கால் போத்தல் மிச்சம் வைத்திருந்தாள். மூடித் தண்ணீருக்கே காய்ச்சல் போகுமென்றால் முக்கால் போத்தலுக்கு வாப்பா பிழைத்துவிட மாட்டாரா?

உம்மா குளிக்கப் போன நேரம் பார்த்து எடுத்தேன். மதிய வெயிலில் தெருவில் ஈ காக்கை இல்லை. பிஸ்மில்லா சொல்லி, ஒரு சொட்டு வெளியே சிந்தாமல், எல்லாவற்றையும் கன்றின் தூரில் ஊற்றினேன். மண் சுர்ரென்று குடித்துவிட்டது. அதன் பிறகுதான் கையிலிருந்த காலிப் போத்தல் கண்ணில் பட்டது. யா அல்லா! இப்போது இது வேறு. குடத்துத் தண்ணீரை மொண்டால் அளவு குறைந்தது தெரிந்துவிடும். கொல்லைக்கு ஓடிப் போர்க் குழாயில் பிடித்து, பழைய அளவுக்கு நிரப்பி, துடைத்து, புடவைக்குப் பின்னால் வைத்துவிட்டேன். குளியலறைத் தாழ்ப்பாள் திறக்கும் சத்தம் கேட்டபோது அலமாரிக் கதவு இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

ஞாயிறும் திங்களும் நான் வாசலுக்கும் உள்ளுக்குமாக அலைந்தேன். இலைகள் கொட்டிக்கொண்டே இருந்தன. பதினொன்று, பிறகு ஆறு, பிறகு நுனியில் நான்கே நான்கு. போன் அடிக்கும்போதெல்லாம் எனக்கு மூத்திரம் முட்டிக்கொண்டு வந்தது.

திங்கட்கிழமை அந்தியில் மஃரிப் தொழுதுவிட்டு உம்மா அலமாரியைத் திறந்தாள். போத்தலை எடுத்தாள். நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். ஒரு டம்ளரில் பாதிக்கு ஊற்றினாள். அவ்வளவு ஊற்றி நான் பார்த்ததே இல்லை. மக்கா இருக்கும் கிப்லாத் திசையைப் பார்த்து நின்று, கண்ணை மூடி, உதடு துடிக்க ஏதோ வேண்டிக்கொண்டு ஒரு வாய் குடித்தாள்.

தண்ணீர் வாய்க்குள்ளேயே நின்றது. கண்ணைத் திறந்தாள். டம்ளரைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். எங்கள் வீட்டுப் போர்த் தண்ணீரின் ருசி அவளுக்குத் தெரியாதா என்ன? அறை விழப்போகிறது என்று நான் கண்ணை இறுக்கிக்கொண்டேன். மடக்கென்று விழுங்கும் சத்தம்தான் கேட்டது.

"என்ன புள்ள செஞ்ச?"

அந்தக் கேள்வியோடு எனக்கு அழுகை உடைத்துக்கொண்டது. தேம்பித் தேம்பி எல்லாவற்றையும் கொட்டினேன். போர்த் தண்ணீர், கருகிய இலை, ஜம்ஜம், மாமா காதில் சொன்னது, வானத்தைப் பார்த்தது. "நான்தான் உம்மா வாப்பாவ..." என்பதற்கு மேல் சொல்ல வாய் வரவில்லை.

உம்மாவுக்கு வந்ததே கோபம்! என் மேல் இல்லை. "அவன் வரட்டும் இன்னைக்கி, செருப்பு பிஞ்சிரும். புள்ளைவொகிட்ட சொல்ற பேச்சா இது?" என்று கத்தினாள். பிறகு என்னை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு முகத்தைத் துடைத்துவிட்டாள். "பைத்தியமா ஒனக்கு? மரத்துக்கும் மனுசனுக்கும் என்ன இருக்கு? உசுரு அல்லா கையில இருக்கு, ஒன் வாளியிலயா இருக்கு?" என்றாள். அதன் பிறகுதான் உண்மையைச் சொன்னாள். கிடங்கில் ஏணி சரிந்து வாப்பா விழுந்துவிட்டார். இடுப்பில் அடி. ஆஸ்பத்திரியில் இருக்கிறார், நாளைக் காலையில் ஆபரேஷன், எல்லாம் நல்லபடியாக முடியும்.

நல்லபடியாகத்தான் முடிந்தது. நோன்புப் பெருநாளுக்கு முன்பு வாப்பா கைத்தடியோடு வந்து இறங்கினார், அதற்குப் பிறகு துபாய்க்குப் போகவே இல்லை. மகிழங்கன்றும் ஆடி மாதம் அடியிலிருந்து துளிர்த்தது. ஆனால் நான் சொல்ல வந்தது அதை இல்லை, ஆபரேஷன் அன்றைக்கு விடியற்காலையை.

குழாய்த் தண்ணீர் வரும் நாள் அது. குடத்தில் தண்ணீர் விழும் சத்தத்தில் விழித்துக்கொண்டேன். ஜன்னல் வழியாகப் பார்த்தால், உம்மா முதல் குடத்தை இடுப்பில் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போகிறாள். கன்றின் அடியில் உட்கார்ந்து, வெள்ளை படிந்த மேல்மண்ணைக் கையாலேயே வழித்து எறிந்தாள். பிறகு குடத்தைச் சாய்த்தாள். குடிதண்ணீர் முழுவதையும் ஊற்றினாள். உள்ளே போய் இரண்டாவது குடத்தைக் கொண்டுவந்தாள். மூன்றாவதையும் கொண்டுவந்தாள். நடு நடுவே தெருவின் இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். கூண்டின் தகரத்தில் இருந்த பெயரை முந்தானையால் துடைத்தாள்.

குடிக்கிற தண்ணீரை மரத்துக்குக் கொட்டுவதை யாராவது பார்த்தால் ஏசுவார்கள் என்று பயப்படுகிறாள் போல என்று நினைத்துக்கொண்டேன். மாமாவின் மரங்கள்மேல் உம்மாவுக்கும் ஒருவழியாக அக்கறை வந்துவிட்டதில் சந்தோஷமாகக்கூட இருந்தது. ஐந்து நாளாக என்னைத் தின்றுகொண்டிருந்த பயம் இருந்த இடம் தெரியவில்லை. அது எங்கேயும் போகவில்லை, முதல் நாள் மாலை அழுதழுது அதை நான் உம்மாவின் மடியில்தான் இறக்கி வைத்தேன் என்பது தெரியாமல், போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நிம்மதியாகத் தூங்கிப்போனேன்.