இராக்கம்மாளின் தோடை மரம்

ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில் இராக்கம்மாள் நம்பிய ஒரே ஆள் இராக்கம்மாள்தான். கொழுந்தெடுக்கப் போகும் முன் அரிசிப் பானையைத் திறந்து, அரிசியின் மேல் உள்ளங்கையை அழுத்திப் பதித்துவிட்டுப் போவாள். சாயங்காலம் திரும்பியதும் முதல் வேலை அந்தக் கைத்தடத்தைப் பார்ப்பதுதான். கலைந்திருந்தால் எலி என்று அவள் ஒருநாளும் நினைத்ததில்லை. லயத்து வீட்டு வரிசையில் பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் நல்லம்மாள் என்றுதான் நினைப்பாள்.

நல்லம்மாள் வேறு யாருமில்லை, இராக்கம்மாளின் புருஷன் மாடசாமிக்குக் கூடப்பிறந்த தங்கை. புருஷனை இழந்தவள். செவந்தி என்று ஒரே மகள். இராக்கம்மாளின் மகன் வீரசிங்கத்துக்குச் செவந்திதான் என்று இரண்டு வீட்டிலும் பேசி முடித்திருந்தார்கள். சம்பந்தியாக வரப்போகிறவளை இன்னும் உன்னிப்பாகக் கவனிக்க வேண்டும் என்பது இராக்கம்மாளின் கட்சி.

லயத்துக்குப் பின்னால் அவள் வைத்து வளர்த்த தோடை என்னும் ஆரஞ்சு மரம் காய்க்கத் தொடங்கியதும் இருந்த கொஞ்ச நிம்மதியும் போயிற்று. பூ உதிர்ந்தால் நல்லம்மாளின் கண். பிஞ்சு விழுந்தால் நல்லம்மாளின் பெருமூச்சு. கடைசியில் பதுளைக்குப் போய் ஒரு பூசாரியிடம் தகடு மந்திரித்து வாங்கி வந்தாள். கயிற்றில் கட்டினால் அறுத்துவிடுவார்கள் என்று, தேயிலைப் பெட்டிக்குக் கட்டும் கம்பியைக் கொண்டுவந்து, தகட்டை அடிமரத்தோடு சேர்த்து இறுக்கி முறுக்கினாள். மேலே மஞ்சள் துணி சுற்றினாள்.

"இத எவனாவது தொட்டீங்க, கை வெளங்காமப் போயிரும்!" என்று வீட்டு ஆட்களையும் சேர்த்தே மிரட்டி வைத்தாள். மாடசாமி சிரித்தான், ஆனால் தொடவில்லை. வருஷா வருஷம் அவளே பழைய துணியை அவிழ்க்காமல் அதன் மேலேயே புதுத் துணி சுற்றினாள். மரம் பருத்தது, கம்பி பருக்கவில்லை.

சில வருஷம் கழித்து மரம் காய்த்த காய்ப்பை லயமே வேடிக்கை பார்த்தது. கிளைகள் தரையைத் தொட்டன. பழம் கைக்குள் அடங்கவில்லை, அப்படி ஒரு இனிப்பு. தகடு வேலை செய்கிறது என்று இராக்கம்மாள் பூரித்துப் போனாள். நல்லம்மாளுக்கும் பழம் கொடுத்தாள். பிரியத்தில் அல்ல, வயிறெரியட்டும் என்றுதான்.

"தேனாட்டம் இருக்கு மதினி" என்றாள் நல்லம்மாள். பாவம், பின்னால் அவள் மேல் பழி போட இராக்கம்மாளுக்கு அந்த ஒரு வார்த்தை போதுமாயிருந்தது.

அடுத்த மழைக்குப் பிறகு இலைகள் மஞ்சளடித்தன. மண் ஈரமாக இருந்தும் மரம் துவண்டது. இராக்கம்மாள் சாணம் போட்டாள், தகட்டுக்குச் சாம்பிராணி காட்டினாள். நுனிக் கிளைகள் காய்ந்ததும் நல்லம்மாளின் வாசலில் போய் நின்று லயமே கேட்கக் கத்தினாள்.

"எம் மரத்துக்கு என்னடி வச்ச? வேருல என்னத்தப் பொதைச்ச? மரத்தக் கொன்ன கை நாளைக்கு எம் மகனையும் கொல்லும். உம் மக எனக்கு வேணாம்!"

"அண்ணங்கிட்ட கேளுங்க மதினி, நான் அப்பிடிப்பட்டவளா?" என்றாள் நல்லம்மாள். மாடசாமி இராக்கம்மாளின் கையைப் பிடித்து வீட்டுக்கு இழுத்துப் போனான். நல்லம்மாள் திருப்பிக் கத்தாததே இராக்கம்மாளுக்குப் பெரிய அத்தாட்சியாகிவிட்டது. குற்றமில்லாதவள் இப்படிச் சும்மா நிற்பாளா?

வேறு தோட்டத்தில் பேர் பதிவதற்குத் துரை எழுதித் தரும் துண்டை வாங்கிக்கொண்டு, நல்லம்மாள் மகளோடு லுணுகலைப் பக்கம் போய்விட்டாள். வீரசிங்கமும் பின்னாலேயே போய்விட்டான். மகனையும் மயக்கிவிட்டாள் என்று இராக்கம்மாள் மண்ணை வாரித் தூற்றினாள்.

பட்டுப்போன மரத்தை விறகுக்கு வெட்டப் போன மாடசாமி, துணியை அவிழ்த்ததும் கோடரியைக் கீழே வைத்தான். கம்பி பட்டைக்குள் புதைந்து கிடந்தது. அதற்கு மேலே அடிமரம் கழலை வந்ததுபோல வீங்கியிருந்தது, கீழே மெலிந்திருந்தது. காட்டு மரங்களைச் சாகடிக்க அடியில் சுற்றிவரப் பட்டை உரிப்பதுதான் தோட்டத்தில் அவன் வேலை. பார்த்ததுமே புரிந்துவிட்டது.

"தண்ணி உள்கட்டை வழியா மேல ஏறும். அத இந்தக் கம்பி தடுக்கல, அதான் இம்புட்டு நாளும் பச்சையா நின்னுச்சு" என்றான். "எல ஆக்குற சாப்பாடு பட்ட வழியாத்தான் வேருக்கு எறங்கணும். அத நீ கட்டிப்புட்ட. எறங்க வேண்டிய சீனி மேலயே நின்னு பழத்துல சேந்துருச்சு. வேரு பட்டினி கெடந்து செத்துப்போச்சு."

தங்கைக்குப் பரிந்து பேசுகிறான் என்றுதான் முதலில் அவளுக்குத் தோன்றியது. குனிந்து கம்பியின் முறுக்கைத் தடவிப் பார்த்தாள். அவள் கையால் முறுக்கியதுதான்.

"அப்ப நல்லம்மா?"

"அவ பழந்தான் தின்னா."

வெட்கத்தை விழுங்கிக்கொண்டு லுணுகலைக்குப் போக அவளுக்கு நெடுநாள் பிடித்தது. வீரசிங்கத்துக்கும் செவந்திக்கும் பிறந்த பிள்ளை தவழ்கிறான் என்று கேள்விப்பட்ட பிறகுதான் போனாள். மகனும் மருமகளும் மலைக்கு வேலைக்குப் போயிருந்தார்கள். அவள் வருவதைத் தூரத்திலேயே பார்த்த நல்லம்மாள், காம்பராக் கதவைச் சாத்திவிட்டுப் படியில் உட்கார்ந்தாள்.

கம்பி கட்டியது, துணி சுற்றியது, எல்லாவற்றையும் இராக்கம்மாள் அழுதுகொண்டே சொன்னாள். நல்லம்மாள் பொறுமையாகக் கேட்டாள்.

"விடுங்க மதினி, மரந்தானே" என்று பக்கத்துக் காம்பராவில் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தாள்.

"பேரன ஒருதரம் பாத்துட்டுப் போறேன்."

"தூங்குறான் மதினி."

கதவுக்குப் பின்னால் பிள்ளை தகரத்தைத் தட்டிக் கெக்கலித்துச் சிரித்தான். இரண்டு பேர் காதிலும் அது விழுந்தது. நல்லம்மாள் படியை விட்டு நகரவில்லை. மரத்தைக் கொன்ற கை பிள்ளையைத் தொடக் கூடாது என்றுதான் அந்தக் கதவு சாத்தியிருக்கிறது, இதில் சந்தேகப்பட ஒன்றுமே இல்லை என்று இராக்கம்மாளுக்குத் தெரிந்தது. தேத்தண்ணியைக் குடித்து முடித்துப் போணியைத் திருப்பிக் கொடுத்தாள்.